அம்மா சொல்லாத ஊர்

செப்டம்பர் 5, திங்கள்

விடியும்போதே மழை. முந்தாநாள் துவைத்த துணி இன்னும் கொடியில். கூடமெல்லாம் ஈர நாற்றம். பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. தையல் ஊசிகள் துருப்பிடித்துவிட்டன, புதிதாகக் கேட்க வேண்டும்.

நேற்று தைப்பிங்கிலிருந்து மாப்பிள்ளையின் பெரியப்பா வந்துவிட்டுப் போனார். என் மகள் தெய்வானையைப் பிடித்திருக்கிறது. பையன் ரயில்வேயில் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. ஜாதகம் பொருத்தம். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: "பூர்வீகம் எந்த ஊரு? குலதெய்வம் எது? பொண்ணோட அம்மா வழியும் தெரியணும்ல." இவர், என் வீட்டுக்காரர், தன் பக்கத்தை மடமடவென்று ஒப்பித்தார். என் பக்கம் வந்ததும் எல்லாரும் அம்மாவைப் பார்த்தோம். "தஞ்சாவூருப் பக்கந்தான்" என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பெரியப்பா வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

அப்பா இருந்தவரை ஊர்ப் பேச்சே கிடையாது. கேட்டால் ஒரு தடவை கும்பகோணம், ஒரு தடவை மன்னார்குடி. சொந்தம் என்று ஒருவர் வாசல் மிதித்ததில்லை. கைக்குழந்தையாக என்னைத் தூக்கிக்கொண்டு கப்பலேறினார்கள், நிபோங் திபாலில் கரும்புத் தோட்டத்தில் கொஞ்ச காலம், பிறகு இந்தப் பட்டணம். அவ்வளவுதான் தெரியும்.

எனக்கு முப்பத்தாறு வயது. அம்மா இன்னும் "பாப்பா" என்றுதான் கூப்பிடுகிறாள். பேர் சொல்லி ஒரு நாளும் கேட்டதில்லை. தெய். கிண்டல் செய்கிறாள்: "பாட்டிக்கு அம்மா பேரு மறந்துபோச்சு லா."

செப்டம்பர் 8, வியாழன்

வெயில். பள்ளி விட்டதும் சவரிமுத்து என்பவரைப் பார்க்கப் போனேன். முன்பு கோர்ட்டில் மொழிபெயர்க்கிற துபாஷி. இப்போது வக்கீல்களுக்கு வாரிசு தேடிக் கொடுப்பது, கல்யாண வீடுகளுக்கு வம்சம் விசாரித்துச் சொல்வது. அதுவே தொழில். சூலியா தெருவில் ஒரு நகைக்கடை மாடி. ஏணி போலப் படிக்கட்டு. வாயில் கிராம்பு, மடியில் குடை. மேசையில் ஒரு காகிதம் கூட இல்லை.

"எழுத மாட்டீங்களா?"

"எழுதினா கோர்ட்டுக்குப் போகும் டீச்சர். மனசுல வச்சுக்குவேன்."

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு: "ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, நெசமாத் தேடுறது. இன்னொண்ணு, நல்ல ஊராப் பாத்து நான் ஒண்ணு சொல்லிர்றது. குலதெய்வமும் சேத்து. இந்தப் பட்டணத்துல நான் குடுத்த ஊரை வச்சிக்கிட்டு எத்தனையோ பேரு கவுரவமா இருக்காங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"நிஜமான ஊர்தான் வேண்டும்" என்றேன்.

"அப்பச் சரி. ஆனா நெசத்தைத் திருப்பி எடுத்துக்க மாட்டேன்" என்றார்.

இவரிடம் இரவு சாப்பாட்டில் சொன்னேன். "கிடக்கிறதை எதுக்கு மரகதம் கிளர்றே? தஞ்சாவூர்னு சொன்னாப் போதாதா?" மீன் முள்ளையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

வாங்க: நூல், அரிசி மாவு, தெய்.வின் இருமலுக்குச் சுக்கு.

செப்டம்பர் 11, ஞாயிறு

சவரிமுத்து வீட்டுக்கு வந்தார். அம்மாவின் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து, எந்தக் கப்பல், எந்தக் கங்காணி என்று மெல்ல மெல்லக் கேட்டார். கங்காணி பேர் மட்டும் சொன்னாள். முத்துக்கருப்பன்.

"ஜெரெஜா தீவுல எறக்கி வச்சாங்களாம்மா? நோய் பாக்குறதுக்கு?"

அம்மா முந்தானையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"பிள்ளைக்கு அப்ப எத்தினி மாசம்?"

"எந்தப் பிள்ளைக்கு?" என்றாள் அம்மா.

ச.மு. என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா எழுந்து போய்விட்டாள்.

வயதாகிவிட்டது, பேச்சு குழறுகிறது என்று அவரிடம் சொன்னேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

செப்டம்பர் 14, புதன்

ச.மு. கடல் தாண்டி அக்கரைக்குப் போயிருக்கிறார், நிபோங் திபால் பக்கம்.

பள்ளி இன்ஸ்பெக்டர் அடுத்த வாரம் வருகிறாராம். சுவரில் ஒட்டியிருந்த படங்களைப் பூச்சி அரித்துவிட்டது.

மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். அம்மா தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்று, தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். அங்கே யாரும் இல்லை. "வேர்க்குதா? இரு, வர்றேன்" என்று காதில் விழுந்தது. என் செருப்புச் சத்தம் கேட்டதும் நிறுத்திக்கொண்டாள். யாரிடம் பேசினாய் என்றதற்கு, "வாளி ஒழுகுது, பாத்தியா" என்றாள்.

வாளி ஒழுகவில்லை. நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அந்தத் தொட்டிப் பக்கம் போக எனக்கே என்னவோ போல் இருக்கிறது. பட்டப்பகலில். தெய்.விடம் தண்ணீர் மொண்டு வரச் சொன்னேன்.

செப்டம்பர் 16, வெள்ளி

ச.மு. பள்ளிக்கூட வாசலிலேயே காத்திருந்தார். கிராம்பு இல்லாத வாய். அது ஏனோ பயமாக இருந்தது.

"உங்க அப்பா அம்மாவோட ஒரே கப்பல்ல வந்தவங்க ஒருத்தவங்க உசிரோட இருக்காங்க. பாக்கியம்னு பேரு. தோட்டத்து லயத்துலதான், கூலிக்காரங்க வரிசை வீட்டுல. நான் கேட்டுட்டேன். நானும் சொல்லலாம். ஆனா நீங்களே வந்து கேக்குறதுதான் முறை."

"ஊர் தெரிந்ததா?"

"ஊரெல்லாம் தெரிஞ்சிருச்சு டீச்சர். ஊர் சின்ன விசயம். இத்தோட போதும்னாலும் நிறுத்திக்கலாம்."

நிறுத்திவிடு என்கிறார் வீட்டில் இவர். தெய்.வும் அப்படித்தான் சொல்வாள் என்று நினைத்தேன். "போயிட்டு வாங்கம்மா. இல்லாட்டி நீங்க தெனமும் தொட்டியப் பாத்துக்கிட்டே இருப்பீங்க" என்கிறாள். எப்போது கவனித்தாள்?

செப்டம்பர் 17, சனி

காலைப் படகில் அக்கரை, பிறை என்கிற துறை. அங்கிருந்து ரயில். நிபோங் திபாலில் இறங்கி மாட்டு வண்டி. ச.மு. வண்டிக்காரனுக்கு வழி சொன்னார். கரும்பு எங்கேயும் இல்லை, எல்லாம் கித்தா, ரப்பர் மரம். உள்ளே நுழைந்ததும் வெயில் போய்விட்டது.

பாக்கியம் லயத்து வாசலில் புளி ஆய்ந்துகொண்டிருந்தது. பெரிய உடம்பு, குரல் நன்றாக இருக்கிறது. நிமிர்ந்து என்னைப் பார்த்தது. கையிலிருந்த புளியைக் கீழே போட்டது.

"அடியாத்தே. அஞ்சலை."

யார் அஞ்சலை என்று கேட்டேன்.

"ஒன்னப் பெத்தவ."

இனி அது சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எழுதாவிட்டால் நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

"தீவுல எறக்குனாங்க. காச்ச, பேதி. தெனம் ஒண்ணு ரெண்டு போவும். ஒங்க ஆத்தாளோட புள்ள மரகதம், சிவப்பா இருக்கும், அது போயிருச்சு. அவ அத மடிய விட்டு எறக்கவேயில்ல. ரெண்டு ஆம்பளைங்க புடுங்கிக்கிட்டுப் போனாங்க. அன்னிக்குத்தான் அஞ்சலைக்கும் கண்டுருச்சு. அவ தனியா வந்தவ, புருசன் கெடையாது, கையில நீ. அவளை நோய்க் கொட்டாய்க்குத் தூக்கிட்டாங்க. நீ கத்துறே, கத்துறே. நாந்தான் தாயி ஒன்னத் தூக்கியாந்து ஒங்க ஆத்தா மடியில போட்டேன். அவ பாக்கக்கூட இல்ல, மாரை எடுத்துக் குடுத்தா. ரெண்டு பேரு அழுகையும் நின்னுச்சு."

"பெறகு வெளிய விடுற நாளு. ஒருத்தன் பேரு வாசிக்கிறான். மரகதம்னான். ஒங்கப்பன் ஒன்னத் தூக்கிக் காட்டி, இருக்குன்னுட்டான். அஞ்சலை பொழைக்க மாட்டான்னுதான் எல்லாரும் நெனச்சோம்."

பிழைத்தாளா என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பாக்கியத்துக்குக் கேட்டது.

"பொழச்சா. மொட்டத்தலையோட இந்தத் தோட்டத்துக்கே வந்து நின்னா. அவ வர்றான்னு சேதி கேட்டதும் ஒங்கப்பன் ஒங்களைக் கூட்டிக்கிட்டுப் பட்டணத்துக்கு ஓடிட்டான். லயம் லயமாக் கேட்டா. எம்புள்ள எங்க, எம்புள்ள எங்க. நாங்க யாரும் வாயத் தொறக்கல."

"கடைசியில எப்படியோ கண்டுபுடிச்சா. சம்பளம் போட்டா படகேறிருவா. ஒங்க வீட்டுக்கு எதுத்தாப்புல நின்னு பாத்துட்டு வருவா. ஒரு தடவ வந்தவ, இனிமே போமாட்டேன்னா. ஏண்டின்னேன். சிலேட்டு தூக்கிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போறா அக்கா. கூப்புட்டா வந்துருவா. வந்து என்னத்தப் பண்ணுவா, கரும்பு வெட்டுவாளா, அப்படின்னா. போமாட்டேன்னு சொன்னா, போவல. அடுத்த மழக்காலத்துல செத்துப் போனா. எம்மடியிலதான்."

திரும்பி வரும்போது ரயிலில் ச.மு. ஒரு முறை மட்டும் பேசினார்: "குடிக்கத் தண்ணி வேணுமா?"

எதிர்ப்புறம் நின்ற பெண்ணை எனக்குத் தெரியும். மொட்டைக்குப் பிறகு சரியாக வளராத குட்டை முடி. நீலச் சேலை. ஒரு நாள் கொய்யாப்பழம் ஒன்றை நீட்டியபடி தெருவைக் கடந்து பாதி வரை வந்தாள். அம்மா என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். அது பேய், அதைப் பார்க்காதே, பார்த்தால் பிடித்துக்கொள்ளும் என்றாள். எத்தனையோ நாள் அந்தப் பேயைக் கனவில் கண்டு அலறியிருக்கிறேன்.

செப்டம்பர் 18, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. இவரும் தெய்.வும் போனார்கள். அம்மாவிடம் கேட்டுவிட்டேன். கத்த வேண்டும் என்று நினைத்திருந்தேன். "பாக்கியம் உயிரோட இருக்கும்மா" என்றுதான் வாயில் வந்தது.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"மரகதம் தீவுல இருக்கா" என்றாள். எங்கோ வேலைக்குப் போன பெண்ணைச் சொல்வது போல.

"நான் யாரு?"

"ஒம் பேரு எனக்குத் தெரியாது. அஞ்சலை பேரு சொல்லி நான் கேக்கல. பாப்பான்னுதான் கூப்புடுவா. அதத்தான் நானும் கூப்புட்டேன். மரகதம்ங்கிற பேரைச் சொல்லி ஒன்னக் கூப்புட எனக்கு வாய் வரல."

அவள் வாசலில் வந்து நின்றாளே, கதவைச் சாத்தினாயே என்றேன்.

"சாத்துனேன். எனக்கு ஒண்ணு போச்சு. இன்னொண்ணையும் எடுத்துக் குடுக்கணுமா? அவ புள்ளைதான். தெரியும். தெரிஞ்சுதான் சாத்துனேன்."

அழவில்லை. மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள். அரிசி தரையில் சிதறியது. நான் உட்கார்ந்து பொறுக்கினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 19, திங்கள்

பள்ளியில் வருகைப் பதிவில் கையெழுத்துப் போடும்போது கை நின்றுவிட்டது. செத்த பிள்ளையின் பேர். அவளுக்குத் தைத்த சட்டையைத்தான் முதலில் எனக்குப் போட்டிருப்பார்கள். அவள் பால். அவள் இடம். அந்தத் தொட்டிப் பக்கம் அம்மா யாரிடம் பேசுகிறாள் என்று இப்போது தெரிகிறது. அவளுக்கு வேர்க்கிறது.

யாரோ "மரகதம் டீச்சர்" என்றார்கள். திரும்பாமல் நின்றேன், வேறு யாராவது திரும்புகிறார்களா என்று.

செப்டம்பர் 21, புதன்

இன்ஸ்பெக்டர் வந்து போனார். பிள்ளைகள் நன்றாகப் பாடினார்கள்.

ச.மு. கணக்கு முடிக்க வந்தார். அப்பாவின் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமம், குலதெய்வம் ஐயனார். அஞ்சலையின் ஊர் தெரியவில்லை, சாதியும் தெரியவில்லை. தேடலாம், வருஷக் கணக்காகும்.

"பெரியப்பா கேட்டா அப்பா ஊரைச் சொல்லுங்க. பொய் இல்ல. அவர்தான வளத்தாரு."

"உங்கள் தொழிலில் இதற்கு என்ன பேர்?" என்றேன்.

"இதுக்குப் பேர் கல்யாணம்" என்றார்.

இவருக்கு அது பிடித்துப்போயிற்று. "வாயைத் திறக்காதே மரகதம். பொண்ணு வாழ்க்கை." கும்பிடாத குறையாகச் சொன்னார். தெய். மாப்பிள்ளையின் போட்டோவைப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாள்.

செப்டம்பர் 25, ஞாயிறு

தைப்பிங் பெரியப்பா வந்தார். ஐயனார் பேர் நாக்கு நுனி வரை வந்தது. தெருப் பக்கம் கதவு திறந்திருந்தது. எதிர் வரிசையில் ஒரு சீனக் கிழவர் கூடை பின்னிக்கொண்டிருந்தார். அந்த இடத்தில்தான் அவள் நிற்பாள்.

"என்னைப் பெற்றவள் பேர் அஞ்சலை. கூலியாகத் தனியே வந்தவள். ஊர் தெரியாது. அம்மாவும் அப்பாவும் என்னை எடுத்து வளர்த்தார்கள்" என்றேன்.

இவர் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். பெரியப்பா கெட்டவர் இல்லை. காப்பியை முழுதும் குடித்தார். "கலந்து பேசிச் சொல்லி அனுப்புறோம்மா" என்றார். வாசலில் இறங்கியவர் திரும்பி, "சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார். திட்டவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

செப்டம்பர் 29, வியாழன்

சொல்லி அனுப்பிவிட்டார்கள். வேண்டாமாம்.

தெய். குளியலறையில் வெகுநேரம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். கண் சிவந்து வந்து, "அஞ்சலைப் பாட்டி எப்படி இருப்பாங்க?" என்றாள். கண்ணாடியைக் காட்டினேன். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இவர் நாலு நாளாக என்னோடு பேசவில்லை.

சனிக்கிழமை அஞ்சலையைப் புதைத்த இடத்தைப் பார்க்கப் போகிறேன் என்றேன், யாரிடம் என்றில்லாமல். அம்மா படுத்தபடியே, "நானும் வர்றேன்" என்றாள்.

அக்டோபர் 1, சனி

வெயிலும் தூறலும். இவர் படகுத்துறை வரை வந்தார். பேசாமலே சீட்டு வாங்கினார், பேசாமலே அம்மாவைக் கைத்தாங்கலாகப் படகில் ஏற்றிவிட்டார்.

பாக்கியமும் அம்மாவும் பார்த்துக்கொண்டார்கள். நலம் விசாரிக்கவில்லை. பாக்கியம் முன்னால் நடந்தது. கித்தா மரங்களுக்கு நடுவே, வரிசை வரிசையாக, எல்லாம் ஒன்று போல. ஓரிடத்தில் நின்றது. "அப்ப இது கரும்பங்கொல்லை ஓரம். இங்கதான் எங்கயோ. சரியாத் தெரியல தாயி." மேடில்லை, கல்லில்லை. சருகு. கொசு. தூரத்தில் மரப்பால் சேகரிக்கிற வாளிச் சத்தம்.

நான் கொண்டுபோன பூவை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அம்மா மூச்சு வாங்கியபடி வந்தாள். சருகின் மேல் உட்கார்ந்து தரையைத் தடவிப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார்த்தி, தோளில் கை வைத்து முன்னே தள்ளினாள்.

"அஞ்சலை. இந்தா. கொண்டாந்துட்டேன்."

தோளை மட்டும் விடவில்லை. பாக்கியம் நேரமாகிறது என்று கூப்பிட்டும் விடவில்லை.