பதினொரு கடவுச்சொற்களும் என்னிடம் சொல்லப்படாத ஒன்றும் குறித்து

அனுப்புநர்
லிஃப்ட் இயக்குபவர்
(பணிக்காலம் பத்தொன்பது ஆண்டு, யாரையும் இரண்டு மாடிகளுக்கு நடுவே நிறுத்தியதில்லை, மின்வெட்டு நீங்கலாக),
தரைத்தளம்.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
இணையப் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் தகவல் காப்புத் திட்டப் பிரிவு,
நான்காவது மாடி.

பொருள்: கடவுச்சொல்லை வெளியாளிடம் சொன்னதாக, தங்கள் பிரிவின் ஒப்பந்த ஆய்வாளரான என் தங்கை மகளுக்குக் கொடுத்த மெமோவைத் திரும்பப் பெற வேண்டி, அந்த வெளியாளே எழுதிக்கொள்வது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் எட்டாம் வகுப்பு தேறியவன். ஒன்பதாம் வகுப்பைப் பள்ளிக்கு வெளியே நின்று கவனித்தவன். ஞாபகசக்தியில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஆறு வயதில் பேருந்து நிலையத்தின் கால அட்டவணை முழுவதையும் பின்னாலிருந்து முன்னால் ஒப்பித்ததைக் கேட்டு, நடத்துநர் ஒருவர் எனக்கு ஆயுள் முழுக்க டிக்கெட் வேண்டாம் என்று அறிவித்தார். மறுவாரமே அவருக்கு மாற்றலாகிவிட்டது; அது வேறு கதை.

2. நாடு முழுவதற்கும் கொண்டுவரப்போகும் புதிய விதியை முதலில் நம் அலுவலகத்திலேயே நடத்திப் பார்ப்பது என்று தாங்கள் முடிவெடுத்தது தாங்கள் அறிந்ததே. கடவுச்சொல் பதினான்கு எழுத்துக்குக் குறையக்கூடாது. எண் வேண்டும், குறி வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பழையது திரும்ப வரக்கூடாது. எந்தக் காகிதத்திலும் எழுதக்கூடாது. அருமையான விதி, ஐயா. மனிதர்கள் மட்டும் இல்லாதிருந்தால் அது நன்றாக ஓடியிருக்கும்.

3. விதி வந்த மூன்றாம் நாள் மொழிபெயர்ப்பாளர் அம்மா என் லிஃப்டில் நின்று அழுதார். கணினி அவரை உள்ளே விடவில்லையாம். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. “இனிமே மாத்தினா என்கிட்ட சொல்லி வைம்மா, நான் எங்கயும் எழுத மாட்டேன்” என்றேன். காகிதத்தில்தானே எழுதக்கூடாது? தலைக்குள் வைக்கக்கூடாது என்று விதியில் எங்கும் இல்லை. ஆகவே, முதல் குற்றவாளி நானே. இதை வேறு யாரும் தமதாக்கிக்கொள்ள நான் சம்மதிக்க மாட்டேன்.

4. அதன் பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். தங்கள் பிரிவில் கணினி உள்ளவர்கள் பன்னிரண்டு பேர். அவர்களில் பதினொருவர் என்னிடம் ஒப்படைத்தார்கள். பெயர்களை இம்மனுவில் எழுத மாட்டேன். பதினோராமவர் இருப்பதிலேயே பெரிய நாற்காலியில் அமர்பவர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அவருடையதும் பத்திரமாக உள்ளது.

5. ஆறு மாதத்தில் ஒரு எழுத்துகூட வெளியே போகவில்லை. ஒருமுறை சந்தேகத்துக்குரிய அந்நிய நாட்டவர் ஒருவர் பெட்டியோடு ஏறி, மேலும் கீழும் மூன்று தடவை போய்வந்து என் வாயைக் கிளறினார். வெயில் அதிகம் என்பதற்கு மேல் அவருக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் குளிர்சாதனம் பழுதுபார்க்க வந்தவர் என்று வாசல் காவலர் சொல்லித் திரிகிறார். சொல்லட்டும்.

6. சென்ற மாதம் வந்த சோதனைக் குழுவினர் மூன்று நாள் குடைந்தும் கணினிகளில் ஒரு ஓட்டையும் அகப்படவில்லை. நான்காம் நாள் அவர்களில் ஒருவர் கையில் தேநீரோடு லிஃப்டில் ஏறினார். அதே சமயம் மொழிபெயர்ப்பாளர் அம்மாவும் ஏறி, “மாமா, என்னோடது கடைசியில என்ன மாமா?” என்று கேட்டுவிட்டார். “மூணு, ஒன்பது, அப்புறம் ஒரு நட்சத்திரம்மா” என்றேன். வாலை மட்டும்தான் சொன்னேன். தலையைச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். வந்தவர் தேநீரைக் குடிக்க மறந்து, அப்படியே இறங்கிப் போய் அறிக்கை எழுதிவிட்டார். கேட்டவர் யாரென்று அவருக்குத் தெரியாததால், அறிக்கையில் லிஃப்ட்காரன் மட்டும்தான் இருந்தான்.

7. அறிக்கை வந்ததும் யார் யார் சொன்னது என்று விசாரித்தார்கள். பதினொருவரும் சன்னல் வழியாக வெளியே பார்த்தார்கள். எனக்கு இரத்த உறவு என்ற ஒரே காரணத்தால் மெமோ என் தங்கை மகளுக்குப் போனது. அவளுடைய ஒப்பந்தம் இம்மாதக் கடைசியில் முடிகிறது. மெமோ நிற்கும் வரை புதுப்பிக்க மாட்டார்கள். அவள் சம்பளத்தில்தான் என் தங்கை வீட்டு அடுப்பு எரிகிறது.

8. உண்மை இதுதான், ஐயா. என்னிடம் சொல்லாத பன்னிரண்டாவது ஆள் அவள் ஒருத்திதான். லிஃப்டில் வேறு யாரும் இல்லாத ஒரு நாள் நானாகவே கேட்டேன்: “எல்லாரும் சொல்லியாச்சு. உன்னோடது என்னம்மா?” அவள், “அதை மட்டும் கேக்காதீங்க மாமா. மாடி வந்துடுச்சு, கதவைத் திறங்க” என்றாள். ஊரே நம்பும் தாய்மாமனைச் சொந்த மருமகள் நம்பவில்லையே என்று எனக்குப் பொறுக்கவில்லை. ஒன்பது நாள் அவளோடு பேசாமல் பொத்தானை மட்டும் அழுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பிட உட்காராமல் திரும்பி வந்தேன். எனக்கு நேர்ந்த அந்த அவமானத்தையே அவளுக்கான சாட்சியாக இன்று தங்கள் முன் வைக்கிறேன்.

9. இதெல்லாம் நடக்கும் என்று அவள் முன்பே எழுதியும் இருக்கிறாள். திட்ட வரைவின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில், கடவுச்சொல் நினைவில் நிற்காவிட்டால் மனிதர் வேறொரு வழி தேடிக்கொள்வார் என்று இருந்ததாம். அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார்களாம். லிஃப்டில் எல்லாம் காதில் விழும். அந்த வேறொரு வழி நான்தான் என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

10. மற்றவர்களைப் பற்றி மெமோவுக்கான பதிலில் ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். “அவங்க வேலையும் வேலைதானே மாமா” என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் நானே பேனாவை எடுத்து இம்மனுவை எழுத உட்கார்ந்தேன். இப்படி நடப்பது அபூர்வம்.

11. ஐயம் இருந்தால் பன்னிரண்டு பேரையும் வரிசையாக நிறுத்துங்கள். ஒவ்வொருவர் காதிலும் அவரவருடையதைச் சொல்கிறேன். அவள் முன் மட்டும் ஊமையாக நிற்பேன்.

12. ஆகவே, மெமோவைத் திரும்பப் பெற்று, அவள் ஒப்பந்தத்தைப் புதுப்பித்து, நாற்பத்தொன்றாம் பக்கத்தை அதன் இடத்தில் மறுபடி சேர்க்க வேண்டுகிறேன். எனக்குத் தண்டனை தேவை என்றால் சரக்கு லிஃப்டுக்கு மாற்றலாம். மூட்டைகளுக்கு மறதி கிடையாது.

13. மெமோ வந்த நாள் முதல் ஞாபகச் சேவையை நிறுத்திவிட்டேன். ஏழு பேரின் கணினிகள் பூட்டிக் கிடப்பதாகக் கேள்வி. இன்று காலை பெரிய நாற்காலிக்காரர் நான்கு மாடியும் என் முகத்தையே பார்த்தபடி வந்தார். அவரும் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை. ஆகையால் உத்தரவைக் கணினியில் அனுப்பத் தாங்கள் சிரமப்பட வேண்டாம். காகிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். பேனாவுக்குக் கடவுச்சொல் கிடையாது.

கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
லிஃப்ட் மாமா

இடம்: தரைத்தளம்
நாள்: மெமோ வந்த எட்டாம் நாள், திங்கட்கிழமை