சிவப்பு நூல் கட்டிய சீசா

தவுவா, பிஜி
1936 ஆகஸ்டு 16, ஞாயிறு

அன்பு மகன் நிசாமுக்கு, அம்மா ஆயிஷா சலாம் சொல்லி எழுதச் சொல்வது. ஆண்டவன் கிருபையால் அத்தாவும் நானும் உன் தங்கை ஸைராவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் சுவாவில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் வேலைக்குப் போய் வருவாய் என்று நம்பியிருக்கிறோம். நம் வயலில் கரும்பு வெட்டு தொடங்கிவிட்டது, அத்தா விடிவதற்கு முன்னே போய் இருட்டித்தான் திரும்புகிறார், சிவப்புப் பசு கிடாரி போட்டிருக்கிறது. அங்கே ஓயாத மழை என்கிறார்களே, ஈரச் சட்டையோடு படுக்காதே, தலையை நன்றாகத் துவட்டு. எனக்கு இருமல் மட்டும் விடவில்லை. (அண்ணே, நான் ஸைரா. அம்மா சொல்லச் சொல்ல நான்தான் எழுதுகிறேன். அம்மா இரும இரும கடிதம் இருமடங்கு நீளுகிறது.) என்ன சிரிக்கிறாய், சொன்னதை மட்டும் எழுது என்று இவளிடம் சொல்லியிருக்கிறேன். சிரிக்கிற சேதி இல்லை இனி வருவது.

நீ போன பிறகு இங்கே பள்ளிக்கூடத்துப் பின்னறையில் ஊர்ச் சங்கத்தார் ஒரு மருந்துக்கூடம் திறந்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை டாக்டர் லாரியில் வருவார், காசு வாங்க மாட்டார், நம்மைப்போல இல்லாதவர்கள் எல்லோருக்கும் அதுதான் கதி. மருந்து ஊற்ற அவரவர் வீட்டு சீசாவைக் கொண்டுபோக வேண்டும். வந்தவுடன் தாழ்வாரத்துப் பலகையில் வரிசையாக வைத்துவிட்டு மாமரத்தடியில் உட்கார்ந்துகொள்வோம். நமக்குப் பதில் சீசாதான் வரிசையில் நிற்கும். கம்பவுண்டர் முதல் சீசாவைத் தூக்கி யாருது இது என்பார், அந்த ஆள் உள்ளே போவார். யாரும் யாருடைய சீசாவையும் தொடுவதில்லை. போன வியாழனுக்கு முந்திய வியாழன் அதைத் தொட்டது உன் தங்கை. நடந்ததை நீயே எழுதடி, செய்த கை எழுதட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணே, பின்கட்டு அப்பு அண்ணனை உனக்குத் தெரியும். நாலு மணிக்கே எழுந்து வந்து தன் சீசாவை முதலில் வைத்துவிட்டு, பின்னால் வருகிறவர்களை எல்லாம் இப்பத்தான் விடிஞ்சுதா உங்களுக்கு என்று கேட்பார். அம்மாவையும் கேட்டார். அப்புவுக்கு ஒரு ஆப்பு வைக்கலாம் என்று நினைத்தேன். எல்லோரும் மரத்தடியில் பேசிக்கொண்டிருந்தபோது வரிசையை அப்படியே தலைகீழாகத் திருப்பிவிட்டேன், முன்னது பின்னது, பின்னது முன்னது, பதினெட்டு சீசா. அவர் சீசா கடைசிக்குப் போனது. கம்பவுண்டர் முதல் சீசாவைத் தூக்கியபோது அப்பு அண்ணன் முகம் போன போக்கைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். நான்தான் முதல் என்று அவர் கத்தியும், சீசா இருக்கிற வரிசைதான் என்றுவிட்டார் கம்பவுண்டர். அவர் சீசாவுக்குப் பக்கத்தில் சிவப்பு நூல் கட்டிய சீசா ஒன்று இருந்ததை நான் பார்க்கவே இல்லை. அது ருக்மணியக்காவுடையது. கரும்புக் கத்தி பட்ட காலோடு, வீங்கிப்போன காலோடு, ஐந்து மைல் நடந்து இரண்டாவதாக வந்திருக்கிறார்கள். காய்ச்சலில் மரத்தடியிலேயே படுத்துவிட்டார்கள், யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

மீதியை நான் சொல்கிறேன், ஏனென்றால் மீதி என் தப்பு. நம் சீசா கடைசிக்கு முந்தியது. அன்று இரண்டாவதாக என்னைக் கூப்பிட்டார்கள். இவள் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது மகனே. வயலில் அத்தா சோற்றுக்குக் காத்திருப்பார், ஒருநாள்தானே, யாருக்கு என்ன கெட்டுவிடப்போகிறது என்று வாயை மூடிக்கொண்டு உள்ளே போனேன். இருமலுக்கு மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு மணிக்கு டாக்டர் அடுத்த ஊர் ராக்கிராக்கிக்குப் போகவேண்டும் என்று லாரி ஏறிவிட்டாராம். பலகையில் நாலு சீசா மீதி. ருக்மணியைத் தன் குதிரையில் ஏற்றி, கூடவே நடந்து, வீடு கொண்டுசேர்த்தது யார் தெரியுமா, அந்த அப்புதான்.

ஐந்தாம் நாள் கால் கறுத்துவிட்டது. லௌதோகாவுக்குத் தூக்கிப்போய், அங்கிருந்து கப்பலில் நீ இருக்கும் சுவா ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். காலை வைப்பார்களா எடுப்பார்களா என்று இன்னும் சேதி இல்லை. அதைவிட என்னைக் கொல்வது ஒன்று. அவள் புருஷன் சிவன் கரும்பு வெட்டுக்காரர்களோடு பா ஊரில் இருந்தவர், ஓடிவந்து பார்த்துவிட்டு, இரண்டாவதா போனேன்னு சொல்றா, போனவளுக்கு ஏன் மருந்து கிடைக்கல, வழியில எங்கேயோ உக்காந்து கதை பேசிட்டு பொய் சொல்றா என்று, அப்பு சொன்னதையும் காதில் வாங்காமல், கப்பலேறும்வரை அவளை ஏசியிருக்கிறார். என்னிடமும் வந்து, நீங்க நேரத்தோட போயி மருந்து வாங்கலையா அக்கா, இவளுக்கு மட்டும் ஏன் முடியலே என்று கேட்டார். கையில் பால் செம்போடு நின்றேன். அன்றைக்கும் சொல்லவில்லை.

நேற்றுதான் அத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாப்பிடாமல் எழுந்து, வாங்க ரெண்டு பேரும் என்றார். மூவரும் சிவன் வீட்டுக்குப் போனோம். ஸைரா தன் வாயால் சொன்னாள், பிறகு நான் சொன்னேன். ஏசுவார், அடிக்கக்கூட வருவார் என்று நினைத்தேன். அவர் உள்ளே போய் அந்த சிவப்பு நூல் சீசாவை எடுத்துவந்து இவள் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அது இப்போது நம் அடுக்களைப் பலகையில் இருக்கிறது. கழுவவும் கை வரவில்லை, வேறிடத்தில் வைக்கவும் கை வரவில்லை.

நிசாம், இந்தக் கடிதம் கிடைத்த அன்றே ஆஸ்பத்திரிக்குப் போ. வெறுங்கையோடு போகாதே, ரொட்டியும் பாலும் கொண்டுபோ. அவளுக்குப் படிக்கத் தெரியாது, நீ பக்கத்தில் உட்கார்ந்து இதை முழுக்கப் படித்துக் காட்டு. அம்மா பெயர் வருகிற இடம், தங்கை பெயர் வருகிற இடம் எதையும் விழுங்கிவிடாதே. மன்னிப்பு வாங்கி அனுப்பு என்று நான் கேட்கவில்லை. கரும்பு வெட்டு முடிந்ததும் நானும் இவளும் கப்பலேறி வந்து நேரில் நிற்கிறோம். கால் விஷயம் எதுவானாலும் மறைக்காமல் எழுது. ஆண்டவன் உன்னை நல்ல வழியிலேயே வைக்கட்டும், நாங்கள் செய்ததை நீ செய்யாமல் காக்கட்டும். மறக்காமல் ஒன்று, வார்டில் பத்துப் பேர் கேட்கும்படி சத்தமாகச் சொல்: ருக்மணி அன்று இரண்டாவதாக வந்தாள்.

இப்படிக்கு,
சொன்னது அம்மா, எழுதியது ஸைரா, செய்தது இருவரும்.