ரெத்ரேத் என்று பெயர் வைத்த கார்

சேசு மரி சூசை துணை

புதுச்சேரி

என் கண்ணான ஈனெஸுக்கு,

அம்மா எழுதுவது. மாதாவின் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் வாய் மட்டும் எங்களைவிடக் கூடுதல் சுகமாக இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டி க்ளோயேவும் அந்தப் பிரான்சுக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் பூசையில் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் எடுத்தால் உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், உன் தம்பி ஜெரெமி அடுத்த அறையில் இருக்கிறான். இது அவர்கள் காதில் விழக் கூடாத விஷயம், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ஜெரெமி வேலை பார்க்கிற ரெட்டியார்பாளையம் கார் ஷோரூம் உனக்குத் தெரியும். நம் வாசலில் நிற்கிறதே சின்ன கார், அதே கம்பெனிதான். லிட்டருக்கு எவ்வளவு ஓடும் என்று கேட்டு வாங்குகிற சனங்களுக்கு வண்டி செய்தே பெரிய ஆளான கம்பெனி, திடீரென்று பணக்காரர்களுக்குச் சொகுசு கார் செய்ய ஆசைப்பட்டுவிட்டது. ஆசை யாரை விட்டது. ஷோரூமின் நடுவில் கண்ணாடிச் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்தார்கள். இந்தப் பக்கம் சின்ன கார், காகிதக் கப்பில் டீ. அந்தப் பக்கம் சொகுசு கார், பீங்கான் கோப்பையில் காப்பி, மூக்கைத் துளைக்கிற சென்ட் வாசனை. கக்கூஸ் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். உன் தம்பியை அந்தப் பக்கத்துக்கு மாற்றி, நம் ஊர் வெயிலில் ஒரு கோட்டையும் மாட்டிவிட்டார்கள். மைலேஜ் என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாதாம். கம்பெனி பெயரையும் சொல்லக் கூடாதாம், பெற்றவளைக் காட்ட வெட்கப்படுகிற பிள்ளை மாதிரி. இவ்வளவு யோசித்தவர்கள் காருக்கு ஒரு பெயர் வைத்தார்கள் பார். பிரெஞ்சில் வைத்தால்தான் கௌரவம் என்று எவனோ சொல்லியிருக்கிறான், ரெத்ரேத் என்று வைத்துவிட்டார்கள்.

எழுதும்போதே சிரிப்பு வருகிறது. சென்னையிலிருந்து வந்திருக்கிற மேனேஜர் கமலக்கண்ணன் அதை ரிட்ரெய்ட் என்கிறார், பெரிய மனிதர்கள் ஓய்வாக ஒதுங்குகிற இடம் என்று அர்த்தமாம். மற்ற ஊரில் அது செல்லும், நம் ஊரில் செல்லுமா? இங்கே ரெத்ரேத் என்றால் பென்ஷன், மாதம் பிறந்தால் பிரான்சிலிருந்து வருகிறதே அது. ஜெரெமி ஆசையாக உன் அப்பாவைக் கூட்டிப்போய்க் காரைக் காட்டினான். இவர் உள்ளே உட்கார்ந்து வைப்பரைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது நம்ம வண்டி சுவிட்சுதான்டா" என்று ஷோரூமுக்கே கேட்கிற மாதிரி சொன்னாராம். அதோடு விட்டாரா? மேனேஜரிடம், "எனக்கு ஏற்கெனவே ஒரு ரெத்ரேத் வந்துகிட்டிருக்கு சார், வருஷத்துக்கு ஒரு தபா உயிரோட இருக்கேன்னு காட்டினா போதும், பெட்ரோல் ஊத்தத் தேவையில்ல" என்றிருக்கிறார். பட்டாளத்தில் ரெத்ரேத் என்றால் பின்வாங்கி ஓடுவது என்று வேறு பாடம் நடத்தியிருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில், இவரைப் போலப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தாக்கள் எல்லோரும் என் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, உன் வண்டி முன்னாடி போவுமா, பின்னாடி மட்டுந்தானா" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பிள்ளைக்கு முகம் செத்துப்போனது. தீபாவளிக்குள் வண்டி விற்றுப்போகாவிட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுவோம், இந்தப் பக்கத்தில் உன் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று என்று சொல்லிவிட்டார்கள். சோறு இறங்கவில்லை அவனுக்கு. ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நானும் அக்கா கிட்டயே போயிடறேம்மா" என்றான். நம் தெருவில் எந்த வீட்டில் பிள்ளை இருக்கிறது சொல். பூட்டு தொங்குகிறது, இல்லாவிட்டால் வயதானவர்கள் இரண்டு பேர் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உன்னைப் போலப் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் கையில் இருந்தும் நான் இங்கேதான் இருப்பேன் என்று நின்றவன் இவன் ஒருத்தன்தான். இவனையும் விடக் கூடாது என்று நானே வியாபாரத்தில் இறங்கினேன்.

ஊர் சிரிக்கிற பெயரையே பிடித்துக்கொண்டேன். சம்பந்தம் பேசும்போது பையன் என்ன படித்திருக்கிறான் என்று கேட்காதவர்கள்கூட, அப்பனுக்கு ரெத்ரேத் வருகிறதா என்று கேட்காமல் இருப்பார்களா? அதைவிடப் பெரிய பட்டம் நம் ஊரில் ஏது? அதனால் ஜெரெமியிடம், "லக்சரி கிக்சரியெல்லாம் விடு, ரெத்ரேத் வாங்குறவங்களுக்குன்னே செஞ்ச வண்டின்னு சொல்லு, கதவு அகலமா இருக்கு முட்டிய மடக்காம எறங்கலாம்னு சொல்லு, மைலேஜ அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நீயே சொல்லிடு" என்றேன். பிறகு உன் அப்பாவோடு பட்டாளத்தில் இருந்த, நீங்கள் தோந்தோன் என்று கூப்பிடுகிற பிரூனோ மாமாவைக் கோயிலில் பார்த்தேன். முட்டி ஆபரேஷன் செய்துகொண்டு தாங்கித் தாங்கி நடந்து வந்தார். "அந்த வண்டி நல்லாத்தான் இருக்கு அண்ணே, ஆனா உங்க ரெத்ரேத்துக்குத் தாங்காதுன்னு இவரு சொல்றாரு" என்று உன் அப்பா பெயரில் ஒரு பொய்யைப் போட்டு வைத்தேன். அவ்வளவுதான். கொஞ்ச நாளில் மனிதர் அந்தக் காரிலேயே பூசைக்கு வந்து, கோயில் வாசலை அடைத்து நிறுத்தி, சாமியாரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளிக்கச் சொன்னார். அதைப் பார்த்த மற்ற சொல்தாக்களுக்குத் தூக்கம் வருமா? ஒவ்வொருவராகப் போனார்கள். தவளக்குப்பத்தில் மீன் ஏலம் எடுக்கிற ஆனந்தராஜ், பிரான்சை மேப்பில்கூடப் பார்க்காதவர், அவரும் வாங்கிவிட்டார். "எனக்கும் ஒரு ரெத்ரேத் இருக்குன்னு சொல்லிக்கலாமில்ல" என்றாராம். தீபாவளிக்கு முன்பே அந்தப் பக்கத்து வண்டி அத்தனையும் விற்றுக் காலி.

இனிமேல்தான் கேள். மற்ற எந்த ஊரிலும் அந்தக் கார் நின்ற இடத்தை விட்டு அசையவில்லையாம். பாண்டிச்சேரியில் மட்டும் எப்படி ஓடுகிறது, யார் அந்தப் பையன் என்று டெல்லிப் பக்கத்தில் இருக்கிற தலைமை ஆபீசிலிருந்து கேட்டு, அங்கேயே வந்துவிடு, எல்லா ஊர்க்காரர்களுக்கும் நீதான் சொல்லித்தர வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். பெரிய போஸ்டு, வீடும் கொடுக்கிறார்கள். அங்கே எவனுக்கு ரெத்ரேத் வருகிறது, இவன் என்னத்தைச் சொல்லித்தரப் போகிறான் என்று எனக்குத் தெரியவில்லை. உன் அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். இவன் இன்னும் சரி என்று எழுதவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். இங்கே சரியான வேலை இல்லை என்று நீ போனாய், இங்கே வேலையைச் சரியாகச் செய்துவிட்டான் என்று அவன் போகிறான். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வியாபாரம் செய்தவள் நான்தான், யாரைக் குறை சொல்வது. கொஞ்சம் மோசமாக விற்றிருக்கலாம் என்று தோன்றுகிறது. அழுகைதான் வருகிறது, சமையலறையில் அழுதுகொள்கிறேன், வெங்காயம் இருக்கிறது.

க்ளோயேவின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போட்டு முத்தம் கொடு. மாப்பிள்ளையைக் கழுத்தைச் சுற்றிக் கம்பளி போட்டுக்கொண்டு வேலைக்குப் போகச் சொல். மாதா உங்கள் மூன்று பேரையும் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காப்பாளாக. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஜெரெமி உனக்குப் போன் போடுவான், அம்மா மனசில் என்ன இருக்கிறது என்று கேட்பான். அம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷம், தைரியமாகப் போ என்று நீதான் சொல்ல வேண்டும். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன் ஈனெஸ். போ என்று சொல்லத்தான் வாயைத் திறக்கிறேன், சாப்பிட்டியா என்றுதான் வருகிறது.

இப்படிக்கு,
உன் அம்மா
மோனிக்