மேற்குப் பார்த்த வீடு, வாடகைக்கு

மார்ச் 3, செவ்வாய்

இன்று வந்த தம்பதியையும் நானே விரட்டிவிட்டேன். விரட்டும் எண்ணம் துளியும் இல்லை. மாலை வெயில் நேராகப் படுக்கையறைக்குள் வரும் என்றேன். லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடும், நான்கு மாடி ஏற வேண்டியிருக்கும் என்றேன். கட்டில் போட்டால் அலமாரிக் கதவு பாதிதான் திறக்கும் என்பதை டேப் வைத்து அளந்து காட்டினேன். அந்தப் பெண் கணவனைப் பார்த்தாள். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

அவர்கள் போனதும் தரகர் தலையில் அடித்துக்கொண்டார். வீட்டுக்குள்ளும் ஹெல்மெட்டைக் கழற்றாதவர் என்பதால் டொக்கென்று கேட்டது. எனக்கும் என் மனைவிக்கும் இடையே அவருக்கு ஹெல்மெட் என்றே பெயர்.

“சார், வீட்டை வாடகைக்கு விடுறீங்களா, இல்ல வீட்டு மேல புகார் குடுக்குறீங்களா?”

“கல்யாணத்துக்கு முன்னாடி என்கிட்டயும் இப்படித்தான்,” என்றாள் என் மனைவி. “குறட்டை விடுவேன், முடிவெடுக்கத் தெரியாதுன்னு எல்லாத்தையும் சொன்னார். நான்தான் காதுல வாங்காம மாட்டிக்கிட்டேன்.”

மார்ச் 5, வியாழன்

கல்லூரியில் பணிக்காலம் முழுவதும் புள்ளியியல் நடத்தினேன். இடர் என்றால் என்ன என்று கரும்பலகை நிறைய எழுதிக் காட்டியவன். அப்படிப்பட்டவன், கையிலிருந்த சேமிப்பு மொத்தத்தையும் ஒரே ஒரு படுக்கையறை உள்ள வீட்டில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறேன்.

நாங்கள் இருப்பது மகன் வீட்டில். அவன்தான் சொன்னான். “பணம் பேங்க்ல சும்மா கிடக்குது. இந்த ஊர்ல வீட்டு விலை என்னிக்காவது இறங்கியிருக்கா? வாங்கிப் போடுங்கப்பா. வாடகை வரும், கைச்செலவுக்கு யார்கிட்டயும் நிக்க வேணாம்.” தன்னிடமும் நிற்க வேண்டாம் என்பதைச் சொல்லாமல் சொன்னான். நல்ல பிள்ளை. அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் பத்திரம் பதிவான நாளிலிருந்து வீடு காலியாகவே கிடக்கிறது. காரணம் வாடகையோ வெயிலோ இல்லை. என் வாய்.

மார்ச் 9, திங்கள்

ஹெல்மெட் எப்போது யாரைக் கூட்டிவருவார் என்று தெரியாது. அதனால் மதியச் சமையல் முடிந்ததும் நாங்கள் இருவரும் புது வீட்டுக்குப் போய்க் காத்திருக்கிறோம். ஒரு பாய், ஒரு ஃபிளாஸ்க், அன்றைய செய்தித்தாள்.

என் மனைவி செய்தித்தாள் படிப்பதை இப்போதுதான் பார்க்கிறேன். முதல் பக்கத்தில் ஆரம்பித்து, மணமகள் தேவை விளம்பரம் வரை ஒன்றையும் விடுவதில்லை. “இந்தப் பையனுக்குச் சொத்து இருக்காம், கெட்ட பழக்கம் இல்லையாம். நாப்பத்தஞ்சு வயசாச்சு. எங்கியோ இடிக்குதே,” என்கிறாள்.

மகன் வீட்டில் அவள் உட்கார்ந்தே நான் பார்த்ததில்லை. அங்கே யாரும் அவளை வேலை வாங்குவதில்லை. மருமகள், “நீங்க உக்காருங்க அத்தை,” என்று சொல்லிக்கொண்டேதான் இருக்கிறாள். ஆனால் காலிங்பெல், குக்கர், பேத்தியின் பள்ளிப் பை, தண்ணீர் மோட்டார் என்று ஒவ்வொன்றும் அவளை எழுப்பிக்கொண்டே இருக்கிறது.

மார்ச் 14, சனி

இன்று யாரும் வீடு பார்க்க வரவில்லை. நல்ல நாள்.

நல்ல நாளா? ஏன் அப்படி எழுதினேன்?

மார்ச் 19, வியாழன்

அவள் தூங்கினாள். பாயில் ஒருக்களித்துப் படுத்து, கையைத் தலைக்கு வைத்து, வாய் லேசாகத் திறந்து. பகலில் அவள் தூங்கி எத்தனை காலமாயிற்று? மகன் பிறப்பதற்கு முன்பு இருக்கலாம்.

வெயில் மெதுவாக அவள் முகத்தை நோக்கி நகர்ந்தது. திரைச்சீலை இல்லை. என் நிழல் அவள் முகத்தில் விழும்படி ஜன்னலோரம் நின்றேன். வெயில் நகர நகர நானும் நகர்ந்தேன்.

கதவு தட்டும் சத்தம். ஹெல்மெட், பின்னால் இரண்டு பேர். விரலை உதட்டில் வைத்து, “நாளைக்கு வாங்க,” என்றேன்.

“யாரு சார் உள்ள?”

“வீட்டுக்காரம்மா தூங்குறாங்க.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஹெல்மெட்டின் முகக்கண்ணாடியை மெல்ல இறக்கிக்கொண்டு போனார்.

மார்ச் 24, செவ்வாய்

ஆள் கிடைத்துவிட்டது. மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் பெண். தனி ஆள். தெளிவாகப் பேசுகிறாள்.

வெயிலைச் சொன்னேன். “எனக்கு நைட் டியூட்டி சார். பகல்லதான் தூங்குவேன், கறுப்புத் திரை வெச்சிருக்கேன்.” லிஃப்டைச் சொன்னேன். “நல்ல உடற்பயிற்சி.” அலமாரியைச் சொன்னேன். “கட்டிலே கிடையாது.” சொல்வதற்கு வேறு குறை மிச்சமில்லை. கேட்ட வாடகையைக் குறைக்கச் சொல்லவும் இல்லை.

ஹெல்மெட் சந்தோஷத்தில் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார். உள்ளே கருகருவென்று அடர்ந்த முடி. வழுக்கையை மறைக்கிறார் என்று இத்தனை நாளும் பேசிச் சிரித்த நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

நாளை முன்பணம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினேன். என் மனைவி பாயைச் சுருட்டினாள். ஃபிளாஸ்க்கைக் கழுவினாள். குழாயை நிறுத்திய பிறகும் சமையலறையிலேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

“நல்ல பொண்ணு,” என்றாள்.

“ஆமாம்.”

பேருந்தில் அவ்வளவுதான் பேசினோம்.

மார்ச் 25, புதன்

என்ன செஞ்சுட்டேன்! காலையில் அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன்.

“வீடு வாடகைக்கு இல்லம்மா. மன்னிச்சுக்கோங்க.”

“வேற யாராவது கூடக் குடுக்குறாங்களா சார்?”

“இல்லம்மா. நாங்களே போறோம்.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. யாரையும் கேட்கவில்லை. கணக்குப் போடவில்லை. என் மனைவியிடம்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும்.

“எனக்கு அந்த வீடு வேணும்னு நான் எப்ப சொன்னேன்?” – மொட்டை மாடியில் துணி காயப்போட்டபடி கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயம்.

“தூங்கினியே.”

“தூங்கினா வீட்டை எழுதிக் குடுத்துடுவீங்களா? பஸ்லகூடத்தான் தூங்குறேன், பஸ்ஸை வாங்குவீங்களா?”

வாடகை போயிற்று. ஓய்வூதியம் மட்டுந்தான். மாதக் கடைசியில் இழுக்கும். உன்னைக் கேட்காமல் செய்தது தப்பு, இப்போதே கூப்பிட்டு அந்தப் பெண்ணை வரச்சொல்கிறேன் என்று தொலைபேசியை எடுத்தேன்.

“வைங்க அதை,” என்றாள். ஒரு துண்டை உதறினாள். அது ஏற்கெனவே உதறிய துண்டு. “வாழ்க்கையில ஒரே ஒரு முடிவு எடுத்திருக்கீங்க. அதையும் கெடுத்துக்காதீங்க.”

மார்ச் 27, வெள்ளி

அந்தப் பெண்ணுக்கு அடுத்த தெருவிலேயே வீடு அமைந்துவிட்டதாக ஹெல்மெட் சொன்னார். ஒரு பாரம் இறங்கியது.

பெரிய பாரம் அப்படியே இருக்கிறது. மகனிடம் எப்படிச் சொல்வது? ஒரு குறை இருந்தால் அதைச் சொல்லிவிட்டுக் கிளம்பலாம். ஒன்றும் இல்லை. நம்மைத் தாங்குகிற வீட்டிலிருந்து என்ன சொல்லி வெளியேறுவது? சாப்பாட்டு மேசையில் இரண்டு முறை தொண்டையைச் செருமினேன். மருமகள் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள்.

மார்ச் 29, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மகன் முதலில் சிரித்தான். பிறகு, “யாரு என்ன சொன்னா?” என்று மனைவியைத் திரும்பிப் பார்த்தான். பாவம், அவள் கண் நிறைந்துவிட்டது.

“யாரும் ஒண்ணும் சொல்லல.”

“அப்புறம் ஏன்பா? நான் முதலீடு பண்ணச் சொன்னேன். வனவாசம் போகச் சொல்லல.”

“டேய், ரெண்டு ஸ்டாப் தள்ளி இருக்கிற வனம்டா அது,” என்றாள் என் மனைவி.

“ராத்திரி யாருக்காவது முடியாமப் போனா?”

“உன்னைத்தான் கூப்பிடுவோம். வேற யாரைக் கூப்பிடுவோம்?”

அவன் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். “அப்ப அந்த ரூம் எனக்கா?” என்று பேத்தி குதித்தாள். மருமகள் அவளை அதட்டினாள்.

சமையலறையில் பேசியது எனக்குக் கேட்டது.

“அத்தை, நான் ஏதாவது–”

“நீ ஒண்ணும் பண்ணலடி. பண்ணியிருந்தா சண்டை போட்டுட்டு நிம்மதியா இங்கியே இருந்திருப்பேன்.”

ஏப்ரல் 2, வியாழன்

மகன் என்னோடு பேசவில்லை. காலையில் செருப்பு மாட்டும்போது, “பழைய ஃபிரிட்ஜை எடுத்துக்கோங்க,” என்றான், செருப்பைப் பார்த்து.

ஏப்ரல் 5, ஞாயிறு

குடிவந்துவிட்டோம். எல்லாவற்றையும் அவனே தூக்கினான். ஒரு வார்த்தை இல்லை. போகும்போது சமையலறைக் குழாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்துவிட்டுப் போனான்.

நான் செய்தது சரிதானா?

ஏப்ரல் 12, ஞாயிறு

அவன் வரவில்லை. அவள் இரண்டு பேருக்கு அளவாகச் சமைக்க இன்னும் பழகவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

பதினொரு மணிக்கு மகன் வந்தான். தனியாக. முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு சாப்பிட்டான். மீதமாகும் என்று அவள் கவலைப்பட்டதெல்லாம் தீர்ந்தது. பிறகு அலுவலகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். புது மேலதிகாரி இவனைவிட இளையவனாம், இவனை ‘அங்கிள்’ என்று கூப்பிடுகிறானாம். பல மாதமாக இதை யாரிடமும் சொல்லவில்லையாம். அவன் வீட்டில் நாங்கள் பேசியதெல்லாம் மின்கட்டணமும் மாத்திரையும்தான் என்பது இப்போது தெரிகிறது.

கை கழுவிவிட்டு வந்ததும் பழைய பிள்ளையாகிவிட்டான். “கீழ்வீடு என்ன விலைக்குப் போச்சு தெரியுமாப்பா? நீங்க வாங்கினதுக்கு எவ்வளவோ மேல. இப்ப வித்தா நல்ல லாபம்.”

“வித்துட்டு எங்கடா போறது?” என்றாள் அவள். “உன் வீட்டுக்கா?”

அவன் கை துடைத்த துண்டைக் கொடியில் போட்டான்.

“வாங்களேன்,” என்றான். “ஆனா இனிமே வாடகை வாங்குவேன்.”

அவள் கரண்டியோடு அவனை விரட்டினாள். இந்த வீட்டில் விரட்ட இடமில்லை. இரண்டு எட்டில் கதவு வந்துவிட்டது. வெளியே நின்று செருப்பை மாட்டிக்கொண்டே, “அடுத்த ஞாயிறு மூணு பேரும் வர்றோம்,” என்றான். “இடம் இருக்குமா?”

நான் அளவெடுக்கும் டேப்பை எங்கே வைத்தேன் என்று யோசிப்பதற்குள், “இருக்கும் இருக்கும்,” என்று அவளே சொல்லிவிட்டாள்.