ஒரே முத்திரை விழுந்த இரண்டு மனுக்கள்

உன் பித்தளைத் தோட்டாக்கூடுகள் இருந்த பிஸ்கட் டப்பாவை நேற்று உன் மனைவி என் முன்னால் வைத்தாள். மூடியைத் திறந்ததும் துப்பாக்கி எண்ணெயும் கரிந்த வெடிமருந்தும் கலந்த வாடை. நீ போய் நாற்பது நாள் ஆகிறது. "துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைக்கணுமாம்ண்ணா. எனுக்கு ஒண்ணும் தெரியாது. காயிதம் எல்லாம் இதுலதான் கீது, நீயே பாத்துக்கோ" என்றாள். லைசென்ஸைத் தேடும்போது அடியில் நான்காக மடித்த ஒரு ஜெராக்ஸ் கிடைத்தது. உன் கையெழுத்தில் ஒரு மனு.

பட்டாளத்தில் துப்பாக்கி பழுதுபார்த்துவிட்டு வந்தவன் நீ. காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க என்று லைசென்ஸ் வாங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கி உன்னிடம் இருந்தது. சுட்ட கூடுகளைப் பொறுக்கி வந்து ஞாயிறு காலையில் உன் வீட்டுக் கூடத்தில் மறுபடி அடைப்போம். நகைத் தராசில் நீ மருந்தை நிறுப்பாய், நான் கூட்டை நீட்டுவேன். என் பீடியை வாசலிலேயே அணைக்கவைத்துத்தான் உள்ளே விடுவாய். "ஒரு சிட்டிகை கூடப் போச்சின்னா பன்னிக்கு முன்னாடி நம்பதான் போவோம்" என்பாய்.

பிறகு எனக்கு ரிவால்வர் ஆசை பிடித்தது. பம்ப்செட்டுக்குத் தனியாகப் போகிறவனுக்குப் பன்றி குறுக்கே வந்தால் இடுப்பிலிருந்து எடுக்க வசதி என்று ஊரெல்லாம் சொன்னேன். லைசென்ஸுக்கு எழுதிய மனுவை, "நானும் காஞ்சிபுரந்தான் போறேன், குடு" என்று நீயே வாங்கிப் போனாய். அடுத்த மாதம் சென்னையில் துப்பாக்கிக் கடைக்கும் பார்த்துவைக்க அழைத்துப் போனாய். இருப்பதிலேயே பெரிய துளை உள்ளதை நான் எடுத்தேன். அதைப் பிடித்தபடி கையை நீட்டிவைக்கச் சொன்னாய். கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு தொங்கிவிட்டது.

"பெருசப் பாத்து மயங்காத. உன் கைக்கு அடங்குதான்னு பாரு" என்று சிரித்தாய். ஆனாலும் நான் அதையே கேட்க, "சரி, லைசென்ஸ் வரட்டும். இதுக்கும் நம்பளே அடச்சிக்கலாம்" என்று அதன் கூட்டளவை நோட்டில் குறித்துக்கொண்டாய். அன்று பஸ்ஸில் வரும்போது உன்னைப்போல் ஒரு கூட்டாளி யாருக்குக் கிடைப்பான் என்று நினைத்தேன்.

லைசென்ஸ் வரவில்லை. உள்ளூரில் ஆட்சேபனை இருப்பதாகக் கடிதம்தான் வந்தது. எங்கள் பொதுக்கிணற்றுத் தண்ணீருக்காக என்னோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்த என் தம்பிதான் எழுதிப் போட்டான் என்று குதித்தேன். நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். "வுடு, பேஜாரு எதுக்கு" என்றாயே தவிர, அவன் இல்லை என்று சொல்லவில்லை. அன்றோடு தம்பியிடம் பேச்சை நிறுத்தினேன். அவன் மகள் கல்யாணத்துக்கும் போகவில்லை. பந்தல் பாட்டு என் வீடு வரை கேட்டது.

ஜெராக்ஸில் இருப்பது இவ்வளவுதான். எனக்கும் தம்பிக்கும் கிணற்றுத் தகராறு. அவனைச் சுட்டுவிடுவேன் என்று உன் எதிரிலேயே சொன்னேன். எனக்கு ரிவால்வர் கொடுக்கக் கூடாது. கலெக்டர் ஆபீஸ் முத்திரையில், நீ கொண்டுவந்து தந்த என் மனு நகலில் இருக்கும் அதே தேதி. இரண்டையும் ஒரே ஜன்னலில் நீட்டியிருக்கிறாய், அடப்பாவி. அதற்குப் பிறகுதான் என்னைக் கடைக்கும் கூட்டிப் போயிருக்கிறாய்.

சொன்னேன், மறுக்கவில்லை. கூட்டில் ஈய ரவை போட்டுக்கொண்டே சொன்னது. அது வெறும் கோபமா என்று இன்றைக்கும் எனக்கே தெரியாது. நீ பயந்ததைக்கூட மன்னித்துவிடலாம். என் மூஞ்சிக்கு நேராகச் சொல்லியிருந்தால் நாலு நாள் உன்னோடு பேசாமல் இருந்திருப்பேன். என்னிடமிருந்து தம்பியைக் காப்பாற்றிவிட்டு, செய்யாத குற்றத்தை அவன் தலையில் ஏற்ற என்னை விட்டுவிட்டாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

இன்று காலை அவன் வரப்பில் எதிரே வந்தான். வழக்கம்போல் நான் விலகிப் போகாமல் நின்றதைப் பார்த்து அவனும் நின்றான்.

"இன்னாண்ணா?" என்றான். ஏழு வருஷத்துக்குப் பிறகு.

சட்டைப் பையில் ஜெராக்ஸ் இருந்தது. ஆட்சேபனை எழுதியது அவன் இல்லை என்று தெரிந்துவிட்டதைச் சொல்ல வேண்டுமானால், நீ ஏன் எழுதினாய் என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.