குடியரசின் ஏழாம் எண் விமானம்

மார்ச் 3, செவ்வாய்

பல் செட் செய்யும் எங்கள் கூடத்தில் இன்று ஒரு மேல்வரிசை செட் திரும்பி வந்தது. போட்டுக்கொண்டவரின் புகார்: சிரித்தால் தன் தம்பி மாதிரியே இருக்கிறதாம். தம்பியோடு அவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. முன்பற்கள் இரண்டையும் கொஞ்சம் ராவிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பின்னறை மேசையில் உட்கார்ந்தேன். ஒரு பழைய போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் உடல், வேறொரு மாடல் கிட்டின் இறக்கைகள். இறக்கைகளை முன்பக்கம் சாய்த்து ஒட்டியிருக்கிறேன். உலகத்தில் இப்படி ஒரு விமானம் கிடையாது. ‘இருந்திருந்தால்?’ என்பதுதான் என் பொழுதுபோக்கு. நான் செய்கிற விமானங்கள் எல்லாம் ஒரே நாட்டு விமானப்படையில் இருக்கின்றன. அந்த நாட்டுக்குப் பெயர் வைக்கவில்லை. குடியரசு, அவ்வளவுதான். பச்சை வட்டத்துக்குள் வெள்ளை மீன் அதன் சின்னம். எல்லைத் தகராறு உண்டு, மந்திரிசபை உண்டு, பட்ஜெட்டில் இழுபறி உண்டு.

மகள் மருத்துவச் சோதனையில் தேறிவிட்டாள். நிஜ விமானப்படை. இனி நேர்முகத் தேர்வு ஒன்றுதான் பாக்கி. மனைவி என்னைத் தனியே கூப்பிட்டு, “நீங்க வேண்டாம்னு சொன்னா கேப்பா” என்றாள். நான் சொல்லி அவள் எதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஆனாலும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

மகளிடம் இன்னும் பேசவில்லை. இறக்கை இடுக்கில் பூசிய புட்டியும் காயவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

மாடல் சங்கக் கூட்டம். ரிவெட் அண்ணன் வந்திருந்தார். யார் விமானத்தைப் பார்த்தாலும் அதன் உடலில் உள்ள ரிவெட் ஆணிகளை எண்ணிவிட்டுத்தான் வணக்கம் சொல்வார் என்பதால் அந்தப் பெயர். சங்கம் நடத்தும் கண்காட்சிக்கு அவர்தான் நடுவர். கற்பனை விமானங்களுக்குப் பாதி மதிப்பெண் கதை அட்டைக்கு. மாடலின் பக்கத்தில் அதன் வரலாற்றை அட்டையில் அடித்து வைக்க வேண்டும், படிக்கிறவன் நம்ப வேண்டும்.

என் குடியரசின் வரலாற்றை அவர் முழுக்கப் படித்திருக்கிறார். முப்பது வருஷத்தில் ஒரு விமானம்கூட விழவில்லை என்பது அவருக்கு உறுத்துகிறது. “தம்பி, இது விமானப்படையா, பொம்மைக் கடையா? ஒண்ணாவது விழணும். அப்பதான் நம்புவாங்க.”

யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதும் சரிதான்.

மார்ச் 10, செவ்வாய்

மகளிடம் பேசினேன். ஓடிவிட்டு வந்து வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவள் எப்போதும் லேஸில் இரண்டு முடிச்சு போடுவாள், அவிழ்க்க நேரமாகும். அந்த இடைவெளியில் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அம்மா பயப்படுகிறாள் என்றேன். அம்மா மருத்துவமனையில் பிசியோ. முதுகெலும்பு உடைந்தவர்களை நடக்கவைப்பதுதான் அவள் வேலை. அவள் பயத்துக்கு ஆதாரம் உண்டு.

“நீங்க?” என்றாள் மகள்.

இறக்கையின் கோணத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். பின்னாலேயே வந்தாள். “நீங்க மட்டும் சரின்னு சொல்லுங்கப்பா, அம்மாவை நான் பார்த்துக்கறேன். ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா என்னால போக முடியாது.”

கோணம் சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் திரும்ப அளந்தேன்.

மார்ச் 14, சனி

மேசையில் இருக்கும் விமானத்துக்கு ஏழாம் எண் கொடுத்து, கதை அட்டையில் அதை விழவைத்தேன். பயிற்சிப் பறத்தல், மூடுபனி, கடல். விமானியின் உடல் கிடைக்கவில்லை. நம்பும்படி இருக்க நுணுக்கம் வேண்டுமே, சிலது சேர்த்தேன். எழுதி முடித்துப் படித்தபோது கண் கலங்கியது. எழுத்து அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

கண்காட்சி. முதல் பரிசு. கோப்பை பெரியது.

மனைவி வழக்கமாக வரமாட்டாள். மகள் இழுத்து வந்திருந்தாள். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் அட்டையை நின்று படித்தாள். பிறகு வெளியே போய் காரில் உட்கார்ந்துவிட்டாள். பெயிண்ட் வாடை ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்துக் கோப்பையோடு படம் எடுத்துக்கொண்டேன். என்னைப் போல ஒரு மரமண்டை உண்டா?

வீட்டில் சொன்னாள். “இருபத்திரண்டு வயசு. இடது கைக்காரி. ஷூ லேஸுக்கு ரெண்டு முடிச்சு. உடம்புகூடக் கிடைக்கல.” அவ்வளவுதான். கதவைச் சாத்திக்கொண்டாள்.

சத்தியமாக நான் யோசித்து எழுதவில்லை. நுணுக்கம் தேவைப்பட்டது, கைக்கு எட்டினதை எடுத்துப் போட்டேன். உடைந்த பாகத்துக்குப் பதில் டப்பாவில் கிடக்கிற இன்னொன்றை ஒட்டுவதில்லையா? அப்படித்தான். ஆனா டப்பால என் பொண்ணுதானே இருந்தா. அதுகூடவா தெரியல எனக்கு?

மகள் கோபப்பட்டிருந்தால் தேவலை. “வேண்டாம்னா என்கிட்டயே சொல்லியிருக்கலாமேப்பா” என்றாள். “எதுக்குக் கடல்ல போட்டீங்க?”

மார்ச் 24, செவ்வாய்

வீட்டில் யாரும் பேசுவதில்லை. சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கும், எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியது. கோப்பை குளியலறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்திருக்கிறது. யார் வைத்தது என்று கேட்கவில்லை.

மார்ச் 26, வியாழன்

லீவு போட்டேன். ரிவெட் அண்ணனுக்கு போன் செய்து ஏழாம் எண்ணின் கதையை மாற்ற வேண்டும் என்றேன். முடியாதாம். காட்சிக்கு வைத்துவிட்டால் அது வரலாறு, சங்கத்தின் வழக்கம் அப்படி. மனைவி மூன்று நாளாகப் பேசவில்லை என்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, விமானம் விழுந்ததை மாற்ற முடியாது, ஆனால் உடல் கிடைக்கவில்லை என்றுதானே எழுதியிருக்கிறாய், அந்த விமானி முன்னாடியே சீட்டோடு வெளியே குதித்திருந்தால் என்ன என்று கேட்டார். “ஆனா மாடல்ல அது தெரியணும். மேல இருக்கற கண்ணாடிக் கூடு இருக்கக் கூடாது. சீட்டும் இருக்கக் கூடாது. சும்மா வாயால சொன்னா ஒத்துக்க மாட்டேன்.”

பல் சுரண்டும் கருவியால் கண்ணாடிக் கூட்டை நெம்பினேன். விரிசல் விட்டது. சீட்டை நானே பசை போட்டு ஒட்டியது, லேசில் வருமா? பிடுங்கியபோது தரையும் கூடவே பெயர்ந்து வந்தது. பரிசு வாங்கிய மாடல். பரவாயில்லை.

அட்டையைத் திருத்தினேன். மீன்பிடிப் படகு காப்பாற்றியது, ஆறு மாதத்தில் மறுபடி பறந்தாள். காலி விமானத்தையும் அட்டையையும் கொண்டுபோய் மனைவியின் முன்னால் வைத்தேன். படித்தாள்.

“அப்படி சீட்டோட வெளிய தூக்கி அடிச்சா முதுகெலும்பு நசுங்கும். ஆறு மாசம் பத்தாது.”

“எவ்வளவு போடட்டும்?”

“ஒம்பது.”

ஒன்பது என்று திருத்தினேன். அவளிடம் அப்படி ஒருவன் வந்திருக்கிறானாம், போன வருஷம். இப்போது நடக்கிறானா என்று கேட்டேன். மாடிப்படி ஏறுகிறான் என்றாள். காலியாக இருந்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, அழுதாள். நானும்தான். எதற்கு மறைக்க வேண்டும்?

மார்ச் 29, ஞாயிறு

மகளிடம் சொன்னேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, குடியரசின் மந்திரிசபையிடம்கூட.

“அப்ப போக வேண்டாமா?”

“அது வேற, இது வேற. பயமா இருக்கு. நீ போ.”

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. “போன்னு சொல்லாதீங்க. போயிட்டு வான்னு சொல்லுங்க.”

ஏப்ரல் 18, சனி

தேர்வாகிவிட்டாள்.

ஜூன் 7, ஞாயிறு

மகளைப் பயிற்சிக்கு ரயில் ஏற்றிவிட்டோம். ஒரே ஒரு பை. வரும் வழியில் மனைவி, உங்க குடியரசுல பொண்ணுங்களுக்குத் தனி விடுதி இருக்கா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். இல்லைதான், இன்றுதான் கட்டினேன்.

ஜூலை 19, ஞாயிறு

மகள் போனில் பேசினாள். முதல் தடவை ஆசிரியரோடு மேலே போனாளாம். வாந்தி எடுத்தாளாம். எந்த விமானம் என்று கேட்டேன். சின்னது, குட்டையாக, பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை என்றாள். அந்த ரகத்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

அந்த விமானத்தின் கிட் கிடைத்துவிட்டது. கூட வந்த செய்முறைக் காகிதத்தில் போட்டிருக்கிறபடியே செய்கிறேன். இறக்கையை மாற்றவில்லை, மூக்கை நீட்டவில்லை, மீன் சின்னம் இல்லை. எனக்கு உடம்பு சரியில்லையா என்று ரிவெட் அண்ணன் விசாரித்தார். பிறகு ரிவெட் விஷயத்தில் உதவி வேண்டுமானால் கூப்பிடு என்றார்.

செப்டம்பர் 9, புதன்

மகள் இன்று காலை தனியாகப் பறக்கிறாள், பக்கத்தில் ஆசிரியர் இல்லாமல். இறங்கியதும் போன் செய்வாள். நானும் மனைவியும் அரை நாள் லீவு சொல்லிவிட்டோம்.

மனைவி பின்னறைக்கு வந்தாள். மேசையில் முடிந்து நின்ற விமானத்தைக் கையில் எடுத்தாள். கதவு எந்தப் பக்கம், எதில் கால் வைத்து ஏறுவாள் என்று கேட்டாள். காட்டினேன். பக்கத்தில் அட்டை இல்லாததைக் கவனித்திருக்கிறாள்.

“இதுக்கு என்ன கதை? என்ன ஆகும் இதுக்கு?”

இந்த அறையில் இருக்கிற அத்தனை விமானமும் எங்கே போகும், எப்போது திரும்பும், எல்லாம் எனக்குத் தெரியும்.

“தெரியல” என்றேன்.

பெயிண்ட் டப்பாக்களை ஒதுக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். விமானத்தைக் கீழே வைக்கவில்லை. நானும் வாங்கவில்லை.

போன் வந்தது. மனைவிதான் எடுத்தாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். “சரி. சாப்பிடு” என்று வைத்தாள்.

“இறங்கிட்டாளாம்.”

மதியத்துக்கு மேல் இருவரும் வேலைக்குப் போய்விட்டோம்.