மங்கலாக இருந்தால் போதும்

செவ்வாய்க்கிழமை, இரவு

பெரிய காஞ்சிபுரத்துப் புடவைக் கடைக்கு நான் எடுக்கும் வீடியோ ஒன்று என்கோட் ஆகி முழுக் கோப்பாக வெளிவர, என் கம்ப்யூட்டருக்கு ஒரு ராத்திரி முழுக்கப் பிடிக்கிறது. ஜரிகை இழை இழையாகத் தெரியவேண்டும் என்று நான்தான் தரத்தைக் குறைக்காமல் பிடிவாதம் பிடிக்கிறேன். அதற்காகப் புதிய பிராசஸர் வாங்கலாமா என்று ஒரு மாதமாக யோசனை.

இன்று கடை முதலாளியிடம் வீடியோவைக் காட்டினேன். முந்தானை நெருக்கத்தில் வரும் இடத்தில் நிறுத்தினார். மடிப்பில் ஜரிகை விலகி, உள்ளே வெள்ளை நூல் தெரிந்தது. அசல் ஜரிகை என்றால் உள்ளே சிவப்புப் பட்டு இழை இருக்க வேண்டும்.

"இவ்ளோ தெளிவு எதுக்குமா? கொஞ்சம் மங்கலா இருந்தாதான் அழகா இருக்குது. ஜனங்க எல்லாம் போன்லதானே பாத்துக்கினு இருக்காங்க."

வீட்டுக்கு வந்து, தரத்தைக் குறைத்து மறுபடி போட்டேன். பத்தே நிமிடத்தில் முடிந்துவிட்டது. இந்த வேலைக்குப் பழைய பிராசஸரே தாராளம்.

"என்ன, புதுசு ஆர்டர் போட்டுடவா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். காரணம் சொல்லவில்லை.

என் கல்யாணப் புடவையும் அந்தக் கடையில் எடுத்ததுதான். ஜரிகையை நகத்தால் ஓரத்தில் லேசாகச் சுரண்டினால், உள்ளே சிவப்பா வெள்ளையா என்று தெரிந்துவிடும். பீரோவை இன்னும் திறக்கவில்லை.